நியூ ஜெர்சியில் வீடு வாங்கினோம்: எங்கள் பக்கம் நின்ற ஏஜென்ட்

அமெரிக்காவில் இப்போதெல்லாம் ஒரு வீட்டைத் திறந்து காட்டுவதற்கு முன்பே, வாங்குபவரின் ஏஜென்ட் தன் கமிஷனை எழுதிய ஓர் ஒப்பந்தத்தை நீட்டுவார். 2024 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறைக்கு வந்த விதி இது. பழைய கமிஷன் முறையை எதிர்த்து வீடு விற்றவர்கள் மிசூரியில் போட்ட வழக்கில் 2023 அக்டோபரில் ஜூரி, வீட்டு ஏஜென்ட்களின் அமைப்பான தேசிய ரியல்டர் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தது. அதன்படிதான் இந்த ஒப்பந்தம். அதற்கு முன்பு விற்பவர் 5, 6 சதவீதம் கமிஷன் கொடுப்பார். இரண்டு ஏஜென்ட்களும் அதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வாங்குபவர் தன் ஏஜென்ட்டுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டதே இல்லை. இப்போது அந்தத் தொகையை ஏஜென்ட் நம்மிடமே எழுதி வாங்க வேண்டும். நாங்கள் எடிசன், பிஸ்கட்டவே பக்கம் வீடு தேடத் தொடங்கியது இந்த விதி வந்த பிறகு. ஒப்பந்தம் என்றதும் பலர் மிரள்கிறார்கள் என்பதால்தான் எல்லாவற்றையும் விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஓர் அண்ணன் ஆரம்பத்திலேயே சொன்னார்: "எதுக்கும்மா தனியா ஒரு ஏஜென்ட்? விக்கிறவங்க ஏஜென்ட்டையே புடிங்க. கமிஷன்ல கொஞ்சம் கொறச்சுக் குடுப்பாங்க." சென்னையில் ஒரே புரோக்கர் இரண்டு பக்கமும் பேசி, இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது இயல்பாகத்தான் படும். நியூ ஜெர்சியிலும் இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் ஒருவரே இரண்டு பக்கமும் இருக்கலாம். டூயல் ஏஜென்சி என்பார்கள். ஆனால் அப்படி இருப்பவர், "இந்த விலை அதிகம், குறைத்துக் கேளுங்கள்" என்று நம்மிடம் சொல்ல முடியாது. வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆள் வேண்டாமா? இவரும் நானும் அதில் உறுதியாக இருந்தோம்.

முதலில் பேசிய ஏஜென்ட் கொடுத்த தாளில் கமிஷன் 3 சதவீதம், ஒப்பந்தக் காலம் ஆறு மாதம், கூடவே அலுவலகக் கட்டணம் 495 டாலர் என்று இருந்தது. மாற்ற முடியுமா என்று கேட்டோம். "எல்லோரும் இதில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்" என்றார். கமிஷன் பேசி முடிவு செய்யக்கூடியது என்ற வரி அதே தாளில் அச்சாகியிருந்தது. அப்படி ஒரு வரி இருந்தே ஆக வேண்டும் என்பதும் விதிதான். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அடுத்தவர் பிஸ்கட்டவேயிலேயே இருபது வருடமாக வீடு விற்கும், வாங்கித் தரும் ஒரு குஜராத்தி அம்மா. மேசையில் தாளை விரித்து, பேனாவை எங்கள் பக்கம் தள்ளி, எதை மாற்ற வேண்டுமோ அடியுங்கள் என்றார். 3 சதவீதம் 2.5 ஆயிற்று. ஆறு மாதம் இரண்டு மாதமாயிற்று. இந்த ஊர்கள் இருக்கும் மாவட்டமான மிடில்செக்ஸ் கவுண்டிக்குள் வாங்கும் வீட்டுக்கு மட்டும் என்று எழுதினோம். அலுவலகக் கட்டணத்தை அவரே அடித்தார். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொன்று இருக்கும், அதைத் தவறாமல் பாருங்கள்: ஒப்பந்தம் முடிந்த பிறகும், அவர் காட்டிய வீட்டை இத்தனை நாளுக்குள் வாங்கினால் கமிஷன் தர வேண்டும் என்ற பிரிவு. அது 180 நாள் என்று இருந்தது, 60 ஆக்கிக்கொண்டோம். எழுதிய தொகைதான் உச்சவரம்பு. விற்பவர் 3 சதவீதம் தர முன்வந்தாலும் நம் ஏஜென்ட்டால் 2.5-க்கு மேல் வாங்க முடியாது.

வீடு தேடித் தருவதுதான் ஏஜென்ட்டின் வேலை என்று நினைத்தால் அவருக்குப் பணம் கொடுக்க மனம் வராது. வீட்டு விளம்பரங்கள் வரும் ஸில்லோ இணையதளத்தில் எல்லாமே இருக்கிறது. நாங்கள் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றை நாங்களே கண்டுபிடித்து அனுப்பினோம். அவருடைய வேலை வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் தொடங்கியது.

1950-களில் கட்டிய ஒரு வீடு எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. புது சமையலறை, புது தரை, ஸ்டேஷனுக்கும் பக்கம். அவர் மேலே எதையும் பார்க்காமல் நேராக பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, போன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தார். தரையை ஒட்டி, சுவரிலிருந்து இரண்டு மெல்லிய செம்புக் குழாய்கள் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. வெட்டி, நுனியை நசுக்கி விட்டிருந்தார்கள். இப்போது ஓடுவது கேஸ் ஹீட்டிங். அந்தக் குழாய்களைப் பார்த்தால், முன்பு எண்ணெயில் ஓடியிருக்கிறது. அப்படியானால் எண்ணெய்த் தொட்டி எங்கே என்று கேட்டார். நியூ ஜெர்சியின் பழைய வீடுகள் பலவற்றில் அது தோட்டத்து மண்ணுக்கடியில் கிடக்கும். இரும்பு துருப்பிடித்துக் கசிந்தால் மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்யப் பல்லாயிரம் டாலர் ஆகும். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் அது விழும். வீட்டு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் இதற்குக் கைகொடுக்காது. தொட்டியை எடுத்ததற்கான மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் கடிதம் இருக்கிறதா என்று கேட்டு விற்பவர் பக்கத்துக்கு எழுதினார். தெரியாது என்று பதில் வந்தது. "இந்த வீடு வேண்டாம்" என்றார். அதை விட்டதில் அவருக்குக் கையில் வர இருந்த கமிஷன் போயிற்று. அன்றிலிருந்து அவர் பேச்சை நாங்கள் முழுதாக நம்பினோம்.

கடைசியில் அமைந்த வீட்டுக்கு நிறைய ஆஃபர், அதாவது இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று பலர் எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஞாயிறு மாலைக்குள் உங்கள் உச்ச விலையைச் சொல்லுங்கள் என்றார்கள். வீட்டில் பழுது இருக்கிறதா என்று பரிசோதிக்கும் இன்ஸ்பெக்‌ஷனே வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் ஆட்களோடு போட்டி. எங்கள் ஏஜென்ட் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. கட்டமைப்பு, சுற்றுச்சூழல், பாதுகாப்பு இந்த மூன்றில் மட்டுமே பிரச்சினை எழுப்புவோம், சில்லறைப் பழுதுகளைக் கேட்க மாட்டோம் என்று எழுதச் சொன்னார். விற்பவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் காப்பு. குழந்தைகள் போட்டோவுடன் உருக்கமாக ஒரு கடிதம் வைக்கலாமா என்று இவர் கேட்டார். இனம், மதம், குடும்ப நிலை தெரிந்து விற்பவர் முடிவெடுத்தால் வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தில் சிக்கல் வரும் என்று மறுத்துவிட்டார். எங்கள் ஆஃபரிலேயே, வாங்குபவர் ஏஜென்ட்டுக்கு விற்பவர் 2 சதவீதம் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார். 6,10,000 டாலருக்கு முடிந்தது.

இங்கே புதிதாக வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கையெழுத்தானாலும் வீடு நம்முடையதாகிவிடாது. ஏஜென்ட் தயாரித்த ஒப்பந்தம் என்றால் நியூ ஜெர்சியில் வக்கீல்கள் பார்க்க மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் எந்தப் பக்கத்து வக்கீலும் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். விற்பவர் கூடுதல் விலைக்கு வேறு ஆளிடம் போகவும் வாய்ப்பு இருக்கிறது. ஆஃபர் போடும்போதே வக்கீலை அமர்த்தி வைக்க எங்கள் ஏஜென்ட் சொல்லியிருந்தார். அதனால் மறுநாளே எங்கள் வக்கீலின் கடிதம் போய்விட்டது. அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே இல்லை.

இன்ஸ்பெக்‌ஷனில் ரேடான், அதாவது மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு, அதிகமாக வந்தது. லிட்டருக்கு 4 பிகோகியூரி என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அதை வெளியேற்ற விற்பவர் செலவில் குழாயும் விசிறியும் பொருத்தித் தந்தார்கள்.

ஏஜென்ட்டின் 2.5 சதவீதம் 15,250 டாலர். விற்பவர் 12,200 கொடுத்தார். மீதி 3,050 எங்கள் கையிலிருந்து போனது. இந்தக் கணக்கெல்லாம் பத்திரப் பதிவுக்கு மூன்று வேலை நாள் முன்னால் வரும் க்ளோசிங் டிஸ்க்ளோஷர் என்ற இறுதிக் கணக்குத் தாளில் இருக்கும். ஒப்பந்தத்தில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று வரி வரியாகச் சரிபாருங்கள். தன் கமிஷனில் ஒரு பங்கை வாங்குபவருக்கே திருப்பித் தர நியூ ஜெர்சியில் அனுமதி உண்டு. தருகிற ஏஜென்ட்களும் இருக்கிறார்கள். கேட்பதாக இருந்தால் கையெழுத்துக்கு முன் கேளுங்கள், பிறகு கேட்டுப் பயனில்லை.

பதிவன்று காலை கடைசியாக ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். குழாய்களைத் திறந்துவிட்டு, கராஜ் கதவை ஏற்றி இறக்கி, அடுப்பின் ஒவ்வொரு பர்னரையும் ஏஜென்ட் பற்றவைத்துப் பார்த்தார். துணி துவைக்கும் மெஷினும் டிரையரும் இருந்த இடம் காலி. ஒப்பந்தத்தில் இரண்டும் வீட்டோடு சேர்த்தே எழுதப்பட்டிருந்தன. நாங்கள் இதற்குப் போய்ச் சண்டையா என்று தயங்கி நிற்க, அவர் அங்கிருந்தபடியே இரண்டு வக்கீல்களையும் அழைத்துப் பேசினார். 1,200 டாலரை விற்பவர் கணக்கில் கழித்து எங்களுக்கு வரவு வைத்து எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.