செங்கல் நிறத்தில் வந்த சிவப்பு

போன கார்த்திகையில் ஒரு கிராமத்துக் கபடி அணிக்கு 12 ஜெர்சி போட்டுக் கொடுக்க ஒத்துக்கொண்டேன். வெள்ளை டாட் நெட் (பொடி ஓட்டை விழுந்த பாலியெஸ்டர்) துணி, முதுகில் ஒரு சாண் உயரத்துக்குச் சிவப்பு எண். வீட்டு முன்னறையில் எப்சன் எல்130 பிரிண்டரும் 15க்கு 15 இன்ச் ஹீட் பிரஸ்ஸும் இருக்கின்றன. பிரிண்டரில் முதல் நாளிலிருந்தே சப்ளிமேஷன் இங்க்தான்; முதலில் பேப்பரில் அடித்து, அதைத் துணிமேல் வைத்துப் பிரஸ்ஸின் சூட்டில் அழுத்தி நிறத்தை மாற்றுவது. முதல் ஜெர்சியை எடுத்து விரித்ததும் வயிற்றைக் கலக்கியது. ஸ்கிரீனில் மிளகாய்ப்பழச் சிவப்பு, துணியில் செங்கல். எண்ணின் இடது கீழ் மூலையில் வெண்மையாகத் திட்டு வேறு.

இங்க் மட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். டிசைன் செய்யும் கோரல்டிரா சாஃப்ட்வேரில் நிறத்தை இன்னும் ஏற்றினேன். பேப்பரில் சப்ளிமேஷன் பிரிண்ட் எப்போதுமே மங்கலாகத்தான் தெரியும், சூடு பட்ட பிறகுதான் நிறம் எழும்பும். அது தெரிந்தும், பேப்பரைப் பார்த்துப் பார்த்து ஏற்றிக்கொண்டே போனேன். இரண்டாவது ஜெர்சியில் எண் அதே செங்கல். நெஞ்சில் போட்ட சின்னத்தின் மஞ்சள் மட்டும் காவியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் பெரியப்பா வந்திருந்தார். திருப்பூரில் சாயப்பட்டறை லேப்பில் 30 வருஷம் வேலை பார்த்தவர். ஜெர்சியை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“லேப் டிப் போட்டுப் பாத்தியா கண்ணு?”

“இல்லீங்க பெரியப்பா, நேரா துணியிலயேதான் அடிச்சேன்.”

“ஒரு கிலோ துணின்னாலும் டிப் போடாம நாங்க இறக்க மாட்டோம்.”

லேப் டிப் என்றால், முழுத் துணியையும் சாயத்தில் இறக்குவதற்கு முன் சின்னப் பிட்டில் ஷேடு எடுத்துப் பார்ப்பது. திருப்பூரில் ஆர்டர் கொடுத்த பார்ட்டி ‘ஓகே’ சொன்ன பிட்டு இல்லாமல் எந்தச் சாயமும் ஓடாது. என் இங்க்கில் இருப்பதும் பாலியெஸ்டருக்குப் போடும் டிஸ்பெர்ஸ் சாயம்தான் என்று அவர் சொன்ன பிறகு எனக்கு விஷயம் புரிபட ஆரம்பித்தது. பட்டறையில் அழுத்தம் கொடுத்து, 130 டிகிரித் தண்ணீரில் நூலுக்குள் ஏற்றுகிறார்கள். நான் தண்ணீர் இல்லாமல் 200 டிகிரியில் அதே சாயத்தை ஆவியாக்கி ஏற்றுகிறேன். சூட்டில் நூல் இளகிச் சாய ஆவியை உள்ளே வாங்குகிறது, ஆறியதும் பூட்டிக்கொள்கிறது. காட்டனுக்கு இந்தக் குணம் கிடையாது. திருப்பூரின் அருமையான காட்டன் பனியன் துணியில் இந்த இங்க் ஒரு சலவை தாங்காது. 65 சதவீதப் பாலியெஸ்டர் கலந்த துணியில் அந்த அளவுக்குத்தான் நிறம் பிடிக்கும். பளிச்சென்று வேண்டுமானால் முழுப் பாலியெஸ்டர், அதுவும் வெள்ளை. இந்த இங்க்கில் வெள்ளை நிறமே இல்லை, துணியின் வெள்ளைதான் படத்தின் வெள்ளை.

மறுநாள் ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கடன் வாங்கி வந்தேன். பிரஸ் திரையில் 200. பிளேட்டின் நடுவில் 198. இடது கீழ் மூலையில் 181! திட்டு விழுந்த இடம் சரியாக அதேதான். சூடு ஏறியதாகத் திரை காட்டிய பிறகும் கால் மணி நேரம் பிரஸ்ஸை மூடியே வைத்தால் வித்தியாசம் ஓரளவு குறைகிறது. இப்போது டிசைனை நடுவில் மட்டுமே வைக்கிறேன். காலர் தையல் மேடாக நின்று அழுத்தத்தைத் தின்றுவிடாமல், ஜெர்சிக்குள் ஒரு ஃபோம் ஷீட்டும் வைக்கிறேன்.

அடுத்தது ஈரம். வெளியே அடைமழை, பேப்பர் கட்டு அலமாரியில் திறந்தே கிடந்தது. ஜெர்சியை வெறுமனே பத்து வினாடி அழுத்தித் திறந்தபோது அதிலிருந்து மெல்லிசாக ஆவி கிளம்பியதை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஈரம் பேப்பருக்கும் துணிக்கும் நடுவில் நின்றால் நிறம் எப்படிப் பிடிக்கும்? அன்றிலிருந்து பேப்பர் ஜிப் கவரில், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம். துணிக்கு முதலில் ஒரு வெறும் அழுத்தம்.

கம்ப்யூட்டரிலும் ஒரு தப்பு இருந்தது. அச்சகக்காரர்களுக்கு ஃபைல் செய்து பழகிய கை, அதனால் அச்சு மையின் நாலு நிறக் கணக்கான சிஎம்ஒய்கேயில் வைத்திருந்தேன். வீட்டு இங்க்ஜெட் டிரைவர் (பிரிண்டரை ஓட்டும் சாஃப்ட்வேர்) கேட்பது ஸ்கிரீனின் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கான ஆர்ஜிபி. மாற்றும்போதே சிவப்பின் உயிர் பாதி போய்விடுகிறது. இங்க் விற்றவரிடம் கேட்டு அந்த இங்க்குக்கும் இந்த பிரிண்டருக்குமான ஐசிசி புரொஃபைலை, அதாவது நிறத்தைச் சரியாக மாற்றிக் கொடுக்கும் ஃபைலை, வாங்கிப் போட்டேன். நிறத்தைச் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்போது டிரைவரில் ‘நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்’ வைத்தே ஆகவேண்டும். இல்லையென்றால் ஒரே நிறத்தை இரண்டு பேர் திருத்துவார்கள், படத்தில் முகமெல்லாம் சிவந்துபோகும்.

பிறகு டிப் போட்டோம். கட்டிங்கில் மிஞ்சிய டாட் நெட்டில் உள்ளங்கை அளவு ஒன்பது பிட்டு. 190, 195, 200 டிகிரி. ஒவ்வொன்றிலும் 40, 50, 60 வினாடி. சிவப்பு, நீலம், கருப்பு, தோல் நிறம் எல்லாம் ஒவ்வொரு கட்டமாக. 190இல் 40 வினாடி வைத்த பிட்டு சோகை பிடித்த மாதிரி இருந்தது. உரித்த பேப்பரில் பாதி மை அப்படியே நின்றது. 200இல் 60 வைத்ததில் சிவப்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கருப்புக் கோட்டின் ஓரம் கசிந்து, வெள்ளைத் துணி லேசாகப் பழுத்துவிட்டது. பெரியப்பா ஒன்பதையும் திண்ணையில் வரிசையாக வைத்தார். டியூப் லைட்டில் ஷேடு பார்க்கவே கூடாது என்று மறுநாள் காலை வெயில் வரும்வரை காக்க வைத்தார். 200க்கு 50 என்ற பிட்டை எடுத்து, பின்பக்கம் பேனாவால் எழுதி என் நோட்டில் ஸ்டேப்லர் அடித்தார்.

மீதிப் பத்து ஜெர்சியும் அதே கணக்கில் வந்தன. முதல் இரண்டையும் புதுத் துணியில் என் செலவிலேயே மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

இப்போது படம் போட்ட காபிக் கப்புக்கு டிப் நடக்கிறது. கப்பின் மேல் இருக்கும் பாலிமர் பூச்சுதான் அங்கே சாயத்தை வாங்குகிறது, 180 டிகிரியில் மூன்று நிமிஷத்துக்கும் மேலே கேட்கிறது. கைப்பிடிக்குப் பக்கத்தில் மட்டும் இன்னும் வெளிறுகிறது. டேப்பை இழுத்து ஒட்டி, ரப்பர் உறையை ஒரு சுற்று இறுக்கிப் பார்க்கிறேன். நோட்டில் அதற்கான பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.