மாஸ்ரர் பார்த்த லாகோஸ் கோலி

2025 ஜூலை 3ஆம் திகதி நைஜீரிய உதைபந்தாட்ட அணியின் முன்னாள் கோலி, அதாவது கோல் காப்பாளர், பீட்டர் ருஃபாய் காலமானார். வயது 61. செய்தியைப் பார்த்ததும் எனக்கு எங்கள் உதைபந்தாட்ட மாஸ்ரரின் ஞாபகம்தான் வந்தது. எண்பதுகளில் கல்லூரி அணியில் நின்றவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை.

அப்போது யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர் ஒப்பந்தத்தில் நைஜீரியா போனார்கள். மாஸ்ரரும் லாகோஸில் சில வருடம் படிப்பித்துவிட்டுத் திரும்பினார். அங்கே ஸ்டேஷனரி ஸ்டோர்ஸ் என்றால் சனம் உயிரை விடும் கழகம். அதன் இளம் கோலியாக நின்ற ருஃபாயை மாஸ்ரர் நேரிலே பார்த்தவர். ருஃபாயின் பட்டப்பெயர் டோடோ மயானா. "டோடோ மயானா என்று ஸ்டேடியமே கத்தும், தம்பி" என்று சொல்லும்போது அவரும் கத்தித்தான் காட்டுவார்.

கல்லூரி அணியின் கோலியாக நான் நின்ற ஒரு பெரிய மாட்சில் எனக்குக் கோல் மேல் கோல் விழுந்தது. வேலிக்கரையிலிருந்து எங்கட பெடியளே கூவினார்கள். இரண்டாம் பாதி முழுக்க மாஸ்ரர் என் வலைக்குப் பின்னாலேயே வந்து நின்றார். "அடிச்சது போகட்டும். பந்தை எடுத்துக் குடு, அடுத்ததைப் பார்." வேறொன்றும் சொல்லவில்லை. அவர் அங்கே நின்றதால்தான் நான் அழாமல் நின்றேன்.

1994இல் நான் லண்டனில். ஏப்ரலில் துனீசியாவில் ஐவரி கோஸ்டைத் தண்ட உதையில் வென்று, இறுதியில் சாம்பியாவை 2-1 என்று மடக்கி நைஜீரியா ஆபிரிக்கக் கிண்ணத்தை எடுத்தது. கோலில் ருஃபாய். அப்புறம் அமெரிக்காவில் நைஜீரியாவின் முதல் உலகக் கிண்ணம். இத்தாலிக்கு எதிராக 88ஆவது நிமிடம் வரை முன்னணியில் இருந்தார்கள். பாஜியோ சமப்படுத்தினார், மேலதிக நேரத்தில் தண்ட உதையால் முடித்தும் விட்டார். இதையெல்லாம் மாஸ்ரரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும். அவருக்கோ யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. நான் எழுதிய கடிதத்துக்கு மாதங்கள் கழித்துப் பதில் வந்தது: "பெடியன் உலகக் கிண்ணத்துக்கே போயிட்டானாமே. எப்பிடி நிண்டவன்? விபரமா எழுது."

ருஃபாய் இடிமு என்ற ஊரின் அரசர் மகன். 1998இல் தகப்பன் இறந்தபோது அந்த ஆசனம் வேண்டாமென்று விட்டவர். பெனின், பெல்ஜியம், நெதர்லாந்து, போர்த்துக்கல், ஸ்பெயின் என்று கழகம் கழகமாகப் போனாலும் நாடு கூப்பிட்டபோது வந்து நின்றார். 65 சர்வதேச ஆட்டங்கள். எங்களையும் கூப்பிட்டார்கள்தான். மாஸ்ரரின் ஒவ்வொரு கடிதமும் "எப்ப வாறாய்?" என்றுதான் முடியும். நான் போனபோது அவர் இல்லை.

நைஜீரியாவில் ருஃபாயைப் பார்த்துக் கையுறை மாட்டிய பிள்ளைகள் ஒரு தலைமுறை. எங்கள் கல்லூரியில் மாஸ்ரரைப் பார்த்து மாட்டியவர்கள் நாங்கள். அவர் பெயரில், கோல் காப்பாளருக்கென்றே ஒரு கேடயத்தை எங்கள் பழைய மாணவர் சங்கம் வருடாவருடம் கொடுக்க வேண்டும். முதல் கேடயத்தின் செலவை நான் ஏற்கிறேன்.