கூலி அறுவையிலிருந்து சீசனிங் வரை: எங்கள் குடும்ப மில் வளர்ந்த விதம்

அப்பா காலத்தில் எங்கள் மர அறுவை மில்லில் கூலி அறுவை மட்டும்தான். யாரோ தடி கொண்டுவருவார்கள், சொன்ன சைஸுக்கு அறுத்துக் கொடுப்போம், கன அடிக் கணக்கில் கூலி வாங்குவோம். மரமும் அவர்களுடையது, அதில் வரும் லாபமும் அவர்களுடையது. நானும் தம்பியும் பொறுப்புக்கு வந்ததும் சொந்தமாகத் தடி வாங்கி, பலகையாக விற்க முடிவு செய்தோம்.

முதலில் மாற்றியது ரம்பத்தை. பழைய வட்ட ரம்பம் ஒரு வெட்டுக்கு 6 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். 25 மில்லிமீட்டர் பலகை அறுத்தால் நாலு வெட்டுக்கு ஏறத்தாழ ஒரு பலகை தூளாகப் போய்விடும். நாடா போல நீண்ட பிளேடு சுற்றி ஓடும் பேண்ட் சாவில் இது பாதியாகக் குறைந்தது. ஆனால் அதன் மெல்லிய பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் பலகை அலை அலையாக வரும். அதனால் கூர் போடுவதற்கென்றே கைதேர்ந்த ஒருவரை வைத்தோம். அவருக்குக் கொடுக்கும் சம்பளம் பலகையில் திரும்பி வந்துவிடுகிறது.

எங்களை உண்மையில் வளர்த்தது சீசனிங், அதாவது மரத்தைப் பக்குவமாக உலர்த்துவதுதான். கதவு, ஜன்னல் செய்யும் தச்சர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "மரம் காய்ஞ்சதா?" என்பதைத்தான். மரத்தில் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அது சுருங்க ஆரம்பிக்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், குறுக்குத் திசையைவிடச் சுமார் இரண்டு மடங்கு சுருங்கும். பச்சை மரத்தில் செய்த கதவு பிறகு வளைவதும் இடுக்கு விடுவதும் இதனால்தான்.

அப்பாவுக்குப் பெரிய தயக்கம் இருந்தது. "வித்தா இன்னைக்கே காசு. அடுக்கிக் காயவச்சா நம்ம காசும் சேர்ந்துல்ல காயும்?" என்றார். "ஈர மரத்தை வித்தா அந்த ஆளு அடுத்த தடவை வர மாட்டாருப்பா" என்றான் தம்பி. இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். வெறும் காற்றில் உலர்த்தினால், கடின மரத்துக்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்று தொழிலில் ஒரு கணக்கு உண்டு. அத்தனை நாள் போட்ட முதல் முடங்கும். அதனால் கூலி அறுவையை நிறுத்தவில்லை. ஆட்களின் சம்பளத்தை அது பார்த்துக்கொண்டது, எங்கள் மரம் கொட்டகையில் காய்ந்தது.

அடுக்குவது சின்ன வேலையாகத் தெரியும், பலகையின் தலையெழுத்தே அங்கேதான் முடிவாகும். ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஒரே கனமுள்ள காய்ந்த குச்சிகள் வைக்க வேண்டும். கீழிருந்து மேல்வரை குச்சிகள் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரம் தப்பி பலகை நெளியும். நுனிகளில் பெயிண்ட் அடிக்கிறோம். ஈரம் நுனி வழியாகத்தான் வேகமாக வெளியேறும், அங்கேதான் முதல் வெடிப்பும் விழும்.

அப்புறம் சூடேற்றி மரத்தை உலர்த்தும் சீசனிங் அறை கட்டினோம். மரத்தூளும் கழிவுக்கட்டையும் பாய்லருக்கு எரிபொருள். ஈரத்தை அளக்க மீட்டர் இருந்தாலும் எடை பார்த்துத்தான் உறுதி செய்கிறோம். பலகையின் நுனியிலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு துண்டு வெட்டி எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை இறங்காமல் நிற்கும்வரை வைப்போம். ஈரத்தில் 240 கிராம் இருந்த துண்டு 160 கிராமில் நின்றால், போன 80 கிராமைக் காய்ந்த எடையான 160 ஆல் வகுக்க வேண்டும். 50 சதவீத ஈரம். வீட்டுக்குள் பயன்படும் மரத்தைப் பொதுவாக 8 முதல் 12 சதவீதம் வரை இறக்குகிறோம்.

அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மேல்தோல் காய்ந்து இறுகி, உள்ளே இழுவிசை நிற்கும். வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு துண்டை வெட்டி, நடுப்பகுதியை எடுத்துவிட்டுக் கவட்டை போல ஆக்கினால் அதன் இரு கால்களும் உள்பக்கமாக வளையும். அப்படி வளைந்தால் கடைசியில் மறுபடி நீராவி விட்டு இழுவிசையைத் தளர்த்துவோம். கால்கள் நேராக நிற்கும்வரை மரத்தை வெளியே எடுப்பதில்லை.

இதே அறையால் இன்னொரு வழியும் திறந்தது. வெளிநாட்டுக்குச் சரக்கை அடுக்கி அனுப்பும் மரத் தட்டுகளான பேலட்டுகளுக்கு, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு தொடர்ந்து 30 நிமிஷம் நிற்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அங்கீகாரம் வாங்கி, முத்திரை குத்தும் அந்த வேலையையும் சேர்த்துக்கொண்டோம். இரண்டாம் தர மரத்துக்கு அதில் நிலையான தேவை இருக்கிறது.

சீசனிங் அறை போட நினைக்கிற மில்காரர்களுக்கு நான் சொல்வது, முதலில் காற்றோட்டமான கொட்டகையைப் போடுங்கள். அங்கே பாதி ஈரம் போன மரத்தை அறைக்குள் ஏற்றினால் விறகும் மிச்சம், அறையும் சீக்கிரம் காலியாகும். ஒரு தடவைக்கு ஒரே ஜாதி, ஒரே கனம் உள்ள மரத்தை மட்டும் ஏற்றுங்கள்.