ஒற்றை வாங்கு

எங்கள் வகுப்பில் 31 பேர். வாங்குக்கு இருவராக 15 வாங்குகள் நிரம்பியபின் மிஞ்சியவன் நான். கதவோரத்து வாங்கு முழுவதும் எனக்கே. உடனே 'ஒட்' என்று ஆங்கிலத்தில் பட்டம் வைத்துவிட்டார்கள். விசித்திரப் பிறவி என்று அர்த்தமாம். அழாத குறையாக ஆங்கில சேரிடம் முறையிட்டேன்.

அவர்களைக் கூப்பிட்டு ஏசுவார் என்று பார்த்தால், மனுஷன் வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒரு முக்கோணம் கீறினார். அடியில் இரண்டு மூலை ஒரே கோட்டில். மூன்றாவது மட்டும் தனியே மேலே. அதில் அழுத்திக் குத்தியதில் வெண்கட்டி இரண்டாக முறிந்தது. "இதுதானடா ஒட்!"

வட ஐரோப்பாவின் பழைய கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் கூர்முனைக்கு 'ஒட்டி' என்று பெயராம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை, முக்கோணத்தின் மூன்றாம் மூலை, அப்புறம் சோடி சேராத எண், எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். ("ஒட்டி என்று பெயர், ஆனால் ஒட்டாது" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் சொன்னதற்கு சேரும் சிரித்தார்.) வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறியபோது சொல்லும் கூடவே வந்தது. முட்டைக்கு 'எக்', சன்னலுக்கு 'விண்டோ' எல்லாம் அவர்கள் கொடுத்தவைதானாம். ஆங்கிலத்திலும் முதலில் ஒற்றை எண்ணுக்குத்தான் 'ஒட்' என்றார்கள். விசித்திரம் என்ற பொருள் ஏறியது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில். சோடி இல்லாதவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பது எங்கள் வகுப்பில் தொடங்கியதல்ல என்று அன்று தெரிந்துகொண்டேன்.

சேர் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பேர் சமமாக முட்டிக்கொண்டு நின்றால் தீர்த்துவைக்க மூன்றாவதாக ஒருவன் வேண்டும். நார்ஸ்காரர் அவனையும் இதே சொல்லால்தான் அழைத்தார்கள். 'ஒட்' ஆள்! அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் என் வாங்கில் இருந்தேன்.

அடுத்த மாதமே மொனிட்டர் தேர்வு. கை உயர்த்தி வாக்கு. 15க்கு 15. சேர் என்னைப் பார்த்தார். முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது. நிறைய நேரம் யோசிப்பதுபோல நடித்துவிட்டு ஒருவனுக்குக் கையைத் தூக்கினேன்.

மறுநாள் காலை, வகுப்பில் கதைத்தவர்கள் பட்டியலில் அவன் எழுதிய முதல் பெயர் என்னுடையது. தனி வாங்கில் இருந்தவன் யாரோடு கதைத்தேன் என்று இன்றுவரை அவன் சொல்லவில்லை.