நாலரை மாதத்தில் தேய்ந்துபோன செயின் ஸ்லைடர்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி முதலியார்பேட்டைக்கு வாரத்தில் ஆறு நாளும் போய்வருகிறேன். போக வர நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலாகும். அந்தப் பயணத்துக்காகவே புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். நாலரை மாதத்தில் 5,200 கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைக் கழுவும்போது ஸ்விங் ஆர்மின் முன்பகுதியில் கருப்பு மாவு போல ஏதோ படிந்திருப்பதைக் கண்டேன். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தபோது அது ரப்பர் துகள் என்று தெரிந்தது.

செயின் ஸ்லைடரைப் பற்றி வண்டி ஓட்டுபவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், சட்டத்தோடு சேரும் இடத்தில் அதைச் சுற்றி மாட்டப்பட்டிருக்கும் கெட்டி ரப்பர் அல்லது நைலான் துண்டுதான் அது. செயின் இரும்பில் உரசாமல் அதன் மேல் உரசிச் செல்வதற்காகவே வைத்திருக்கிறார்கள். ஆகவே அது தேய்வது குற்றமில்லை. ஆனால் என் வண்டியில் செயின் பதித்த பள்ளம், நகத்தை வைத்தால் முழு நகமும் இறங்கும் அளவுக்கு ஆழமாகிவிட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் செயின் ரப்பரைத் தாண்டி ஸ்விங் ஆர்மின் உலோகத்தையே அறுக்கத் தொடங்கியிருக்கும்.

வண்டி வாங்கிய இடத்தின் சர்வீஸ் சென்டரில் காட்டினேன். அது தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி கிடையாது என்றும், கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் மணல் ஏறுவதால் இப்படித்தான் ஆகும் என்றும் சொன்னார்கள். மணல் பற்றி அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. முள்ளோடை, கன்னியக்கோயில், தவளக்குப்பம் வழியாகச் செல்லும் சாலையில் மாதக்கணக்காக மண் கொட்டியிருந்தது. செயினில் எண்ணெய் அதிகமாக இருந்தால் அதில் மணல் ஒட்டிக்கொண்டு, அம்மியில் அரைப்பதுபோல ஓடும் நேரமெல்லாம் ரப்பரை அரைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் அதே சாலையில் அதே ரக வண்டியை என் சக ஊழியர் ஒருவர் என்னைவிட இரண்டு மடங்கு தூரம் ஓட்டியிருக்கிறார். அவருடைய ஸ்லைடரில் பாதி ரப்பர் கூடத் தேயவில்லை. மணலை மட்டும் காரணமாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் நாற்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பள்ளத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ரப்பர் மாத்துறது பெரிய வேலை இல்ல சார், முதல்ல பின்னாடி வீல் நேரா நிக்குதான்னு பாப்போம்" என்றார். பள்ளம் நடுவில் இல்லாமல் இடப்புறமாகச் சாய்ந்திருந்ததை அவர் காட்டிய பிறகுதான் நான் கவனித்தேன். செயின் சுற்றி ஓடும் பல்சக்கரமான பின்பக்க ஸ்பிராக்கெட்டின் பற்களிலும் ஒரு பக்கம் மட்டும் வெள்ளிபோல் பளபளத்தது. மறுபக்கத்தில் கரும்பூச்சு அப்படியே இருந்தது.

முதலில் செயினின் தேய்மானத்தை அளந்தார். என் வண்டியில் இருப்பது 428 அளவுச் செயின்; அதில் கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னுக்கும் (ஊசிக்கும்) அடுத்த பின்னுக்கும் இடையே 12.7 மில்லிமீட்டர். 21 பின்களை எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடு வரை அளந்தால் புதுச் செயினில் 254 மில்லிமீட்டர் வர வேண்டும். தேயத் தேயச் செயின் நீளும்; என்னுடையது 255-ஐக்கூடத் தொடவில்லை. செயின் நன்றாக இருக்கிறது, ரப்பர் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் கோளாறு செயின் ஓடும் விதத்தில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, சக்கரத்தை நேராக வைப்பதற்காக ஸ்விங் ஆர்மில் வெட்டியிருக்கும் கோடுகளை நம்பாமல், ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் அச்சான ஆக்ஸிலின் மையம் வரை இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்தார். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் பின் ஸ்பிராக்கெட் செயினைத் தான் நிற்கும் கோணத்தில் அனுப்பப் பார்க்கிறது, முன் ஸ்பிராக்கெட் அதைத் தன் நேர்க்கோட்டுக்கு இழுக்கிறது. இந்த இழுபறியில் இடையிலுள்ள ரப்பர்தான் ஓரமாகத் தேய்கிறது. முதல் இலவச சர்வீஸில் செயினை இறுக்கியபோது ஒரு பக்கத்து நட்டைக் கூடுதலாகத் திருகிவிட்டிருக்கிறார்கள் என்பதே எங்கள் இருவரின் முடிவு.

இறுக்கியது போதவும் இல்லை. கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தபோது 45 மில்லிமீட்டர் ஆடியது. ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 25 முதல் 35 வரை என்றே இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் மேல்பக்கச் செயின் தளர்ந்து, பள்ளம் மேடுகளில் ஸ்லைடரைத் தட்டிக்கொண்டே வரும். அரியாங்குப்பத்தில் வேகத்தடைகளைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்ட 'தடதட' சத்தம் அதுதான். புது வண்டியின் இயல்பு என்று எண்ணி நான் விட்டுவிட்டேன். அதற்காகச் செயினை வீணை நரம்புபோல் இறுக்கிவிடவும் கூடாது. ஆள் ஏறி உட்கார்ந்து பின்பகுதி அமிழும்போது முன் ஸ்பிராக்கெட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே தூரம் கூடும். அப்போது மிச்சத் தளர்வு இல்லாவிட்டால் கியர்பாக்ஸின் வெளிவரும் ஷாஃப்ட்டும் அதன் பேரிங்கும் அடிவாங்கும்.

ஸ்லைடரின் விலை இருநூறு ரூபாய்க்குள்தான். ஆனால் என் வண்டியில் அதை மாற்ற ஸ்விங் ஆர்மையே கழற்ற வேண்டியிருந்ததால் கூலி அதைவிடப் பல மடங்கு ஆயிற்று. இரு பக்க அளவுகளையும், சாய்ந்த பள்ளத்தின் படத்தையும் சேர்த்து சர்வீஸ் சென்டருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு ஸ்லைடரின் விலையை மட்டும் திருப்பித் தந்தார்கள், கூலியைத் தரவில்லை. அது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

இப்போது 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் செயினைத் துடைக்கிறேன். செயின் கண்ணிகளுக்கு இடையே உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும் என்பதால் பெட்ரோல் தொடுவதில்லை. பிறகு 90 கியர் ஆயிலை மெல்லப் பூசி, மிகுதியைத் துடைத்து எடுத்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றி எங்கே செயின் மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் தளர்வை அளக்கிறேன். ஸ்லைடர் மாற்றி 3,100 கிலோமீட்டர் ஆகிறது. நேற்று பார்த்தேன்: செயின் தடம் ரப்பரின் நடுவில் நேராக விழுந்திருக்கிறது, நகம் வைத்தால் நுனிகூட இறங்கவில்லை.