யாருடையது, எத்தனை பேருடையது

திருகோணமலையில் ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிற எங்களைப் போன்றவர்களின் மேசைக்கு வருகிற கடதாசிகளில் பெரும்பாலானவை உறவையும் உடைமையையும் பற்றியவை. பிறப்புச் சான்றிதழை விரித்தால் தந்தையின் முழுப்பெயர், தாயின் முழுப்பெயர், பாட்டனின் பெயர், அதற்கும் மேலே பூட்டனின் பெயர். காணி உறுதியை எடுத்தால் வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே காலஞ்சென்ற இன்னாரின் உரித்தாளிகளின் காணி. தமிழில் இவ்வளவு தாராளமாக வருகிற இந்த 'இன்' ஆங்கிலத்துக்குப் போகும்போது எஸ் எழுத்துக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கிற ஒரு சின்னக் குறியாகச் சுருங்கிவிடுகிறது. அபோஸ்ட்ரபி என்பது அதன் பெயர். என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகள் 'மேல வாற கொமா' என்பார்கள்.

பெரிய சட்டச் சொற்கள் அவர்களுக்குச் சிக்கலே இல்லை. அகராதியில் பார்த்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கேட்பார்கள். அகராதியில் பார்க்க முடியாதது இந்தக் குறி வைக்கிற இடம்தான். காதும் இதற்கு உதவாது. பிரதர் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சகோதரனுடையது என்றால் பிரதர்'ஸ். பல சகோதரர்களுடையது என்றால் பிரதர்ஸ்'. சகோதரர்கள் என்று பன்மை மட்டும் சொன்னால் குறியே இல்லாத பிரதர்ஸ். மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒரே ஒலிதான். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களே இதில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். நம் பிள்ளைகள் தடுமாறினால் அது அவர்கள் குறையில்லை.

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா ஒரு சத்தியக் கடதாசியோடு வந்திருந்தார். வெளிநாட்டில் இருக்கிற மகனின் விண்ணப்பத்துக்கு அது ஆங்கிலத்தில் வேண்டும். 'எனது சகோதரிகளின் காணியில் வசித்து வருகிறேன்' என்று அதில் ஒரு வரி. உதவிக்கு இருந்த தங்கச்சி அதை மை சிஸ்டர்'ஸ் லாண்ட் என்று தட்டிவிட்டாள். சீல் வைக்கிறதுக்கு முன் நான் அம்மாவிடம் கேட்டேன்.

"எத்தனை சகோதரிமார் அம்மா?"

"மூண்டு பேர் மகள். ஒராள் கனடாவில, ஒராள் வவுனியாவில, கடைசி தவறிட்டா."

குறியை ஒரு எழுத்து தள்ளி வைத்தோம், சிஸ்டர்ஸ்' லாண்ட். தள்ளாமல் விட்டிருந்தால், அதை வாசிக்கிற அதிகாரி அந்தக் காணி முழுக்க ஒரே சகோதரியுடையது என்று எடுத்துக்கொள்வார். நாளைக்கு உறுதியின் பிரதியும் சேர்ந்து போகும்போது அதில் மூன்று பெயர் இருக்கும். சத்தியக் கடதாசி ஒன்று சொல்கிறது, உறுதி இன்னொன்று சொல்கிறது என்று கோப்பு நின்றுவிடும். தவறிப்போன சகோதரியின் பங்கு இப்போது யாருக்கு என்பது வேறு கதை. கடதாசியில் எழுதியிருப்பதைத்தான் நாங்கள் மொழிபெயர்க்கலாம், அதைத் திருத்துவது எங்கள் வேலையில்லை. சட்டத்தரணியிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

அவர் போன பிறகு தங்கச்சி கேட்டாள், "காணி ஒண்டுதானேக்கா, பிறகேன் பன்மை?"

அருமையான கேள்வி. இந்தப் பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது. உடைமை எத்தனை என்பது இந்தக் குறிக்குத் தேவையே இல்லை. ஒரு சகோதரிக்குப் பத்துக் காணி இருந்தாலும் சிஸ்டர்'ஸ் லாண்ட்ஸ்தான். மூன்று சகோதரிகளுக்கு ஒரே காணி இருந்தாலும் சிஸ்டர்ஸ்' லாண்ட்தான். குறி எண்ணுவது உடையவரை. நம் பழைய இலக்கணம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றது. ஆறாம் வேற்றுமையில் உடைமை ஒன்றானால் அது, ஆது என்ற உருபுகள், பலவானால் அ என்ற உருபு என்று நன்னூல் பிரிக்கிறது. எனது கை, என கைகள். இன்று நாம் அப்படி எழுதுவதில்லை, இன், உடைய என்று பொதுவாக்கிவிட்டோம். ஆனாலும் பொருளின் எண்ணிக்கையைப் பார்த்துக் குறியைத் தள்ளுகிற பழக்கம் பிள்ளைகளிடம் விடாமல் வருகிறது.

ரியூஷன் வகுப்புகளிலிருந்து அவர்கள் கொண்டு வருகிற சூத்திரம், 'இன் வந்தால் எஸ்ஸுக்கு முன்னால் குறி' என்பது. நான் அதை முதல் நாளே மறக்கச் சொல்வேன். அதற்குப் பதிலாகத் தமிழ்ச் சொல்லையே பிரித்து எழுதச் சொல்வேன். பிள்ளைகளின் என்றால் பிள்ளை, கள், இன். முதலில் ஆள், பிறகு பன்மை, கடைசியில் உருபு. ஆங்கிலமும் இதே வரிசையில்தான் போகிறது. உடையவரை ஒருமையோ பன்மையோ முழுதாக எழுதி முடி. அதன் பிறகு குறியை வை. பன்மைக்காக வந்த எஸ் ஏற்கெனவே கடைசியில் நின்றால் குறி மட்டும் போதும். நிற்காவிட்டால் குறியோடு எஸ்ஸும் சேர். பொதுப்பெயர்களுக்கு இதற்கு மேல் விதி கிடையாது. சில்ட்ரன், மென், விமன் போன்றவற்றுக்குத் தனிப் பட்டியல் மனப்பாடம் செய்யவும் தேவையில்லை. சில்ட்ரன் தானாகவே பன்மை, கடைசியில் எஸ் இல்லை, ஆகவே சில்ட்ரன்'ஸ்.

எங்கள் ஊரில் இதைப் பழக இடத்துக்குப் பஞ்சமில்லை. மக்கள் வங்கி எல்லா ஊரிலும் இருக்கிறது. பீப்பிள் பன்மை, எஸ் இல்லாத பன்மை, ஆகவே பீப்பிள்'ஸ் பாங்க். 1961 இலிருந்து அந்தப் பெயர் அப்படித்தான். செயின்ட் மேரி'ஸ் என்றால் மரியாள் ஒருவர், குறி எஸ்ஸுக்கு முன். லேடீஸ்' கொலிஜ், கேர்ல்ஸ்' கொலிஜ் என்றால் பலர், குறி பின். தெருவில் நடந்து போகும்போது பெயர்ப்பலகைகளை வாசித்து, உடையவர் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு போகச் சொல்வேன். இரண்டு கிழமையில் கை பழகிவிடும்.

உண்மையான சிரமம், தமிழில் உருபே தெரியாமல் மறைந்து நிற்கிற இடங்களில்தான். மாதர் சங்கம், மீனவர் சங்கம் என்று தொகையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதம் ஒன்று வந்தால், முதலில் தொகையை விரிக்க வேண்டும். மாதர்களின் சங்கம், ஆகவே விமன்'ஸ். மீனவர் ஒருவரா, பலரா? சங்கம் என்றால் பலர், ஃபிஷர்மென்'ஸ். ஆனால் மீன் சந்தையை இப்படி விரிக்கக் கூடாது, மீனுக்குச் சந்தை சொந்தமில்லை. விரித்துப் பார்த்து, உள்ளே உடைமை இருந்தால் மட்டும்தான் குறி. ஒன்று சொல்ல வேண்டும். சங்கமோ நிறுவனமோ தன் ஆங்கிலப் பெயரை எப்படிப் பதிந்திருக்கிறதோ அப்படியேதான் நாங்களும் எழுதுவோம். இலக்கணம் சரியென்று பதிந்த பெயரை மாற்றினால் அது வேறு சங்கமாகிவிடும்.

இந்தக் குறி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பயம் குறைகிறது. பழைய ஆங்கிலத்தில் உடைமை காட்ட ஈ-எஸ் என்ற விகுதி பெயரோடு ஒட்டி வந்தது. மனிதன் மான் என்றால் மனிதனுடையது மன்னெஸ். நாளடைவில் அந்த ஈயின் ஒலி பெரும்பாலும் தேய்ந்து போனது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சுப் பழக்கத்திலிருந்து அபோஸ்ட்ரபி வந்தபோது விட்டுப்போன எழுத்தைக் காட்டத்தான் அது பயன்பட்டது. இதே காலத்தை ஒட்டி, ராஜாவுடைய முடி என்பதைத் த கிங் ஹிஸ் கிரௌன் என்று எழுதுகிற வழக்கமும் இருந்தது, ஹிஸ் என்பதன் சுருக்கம்தான் 'ஸ் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். ஹிஸ் ஆணுக்குத்தான் வரும், ஆகவே வுமன்'ஸ் என்ற ஒரு சொல்லே அந்த நம்பிக்கையை உடைத்துவிடும். பன்மைக்குப் பின்னால் குறி வைக்கிற முறை நிலைபெற 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி தாண்டிவிட்டது. ஆங்கிலேயருக்கே இது இவ்வளவு தாமதமாகத்தான் படிந்தது.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு, அதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அவன், அவள், நாங்கள், நீங்கள், அது போன்ற மூவிடப் பெயர்களின் உடைமை வடிவங்களுக்குக் குறி கிடையாது. ஹேர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ், இட்ஸ். கச்சேரிக்குப் போகிற மனுக்களின் அடியில் யுவர்'ஸ் ஃபெய்த்ஃபுலி என்று குறி போட்டு எழுதியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். மிகுந்த மரியாதையோடு எழுதிய கடிதம் அந்த ஒரு வரியில் இடறுகிறது. இட்'ஸ் என்று குறி போட்டால் அது 'அது ஆகும்' என்பதன் சுருக்கம், உடைமை இல்லை.

உடைமை என்ற சொல்லையும் ரொம்ப இறுக்கிப் பிடிக்கக் கூடாது. தந்தையின் காணி என்பது விற்கக்கூடிய சொத்து. தந்தையின் கை அவரை விட்டுப் பிரியாதது. தந்தையின் மரணம் யாருக்கும் சொத்தில்லை. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஃபாதர்'ஸ்தான். பிரிக்க முடியாதது தற்கிழமை, பிரிக்கக்கூடியது பிறிதின்கிழமை என்று நம் இலக்கணம் ஏற்கெனவே பிரித்து வைத்திருப்பதால், சொந்தமில்லாததற்கு ஏன் இந்தக் குறி என்று தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம். காலத்துக்கும் இதே குறிதான். கத்தாருக்கும் சவூதிக்கும் போகிறவர்களின் சேவைக் கடிதங்களில் ஐந்து வருட அனுபவம் என்று வரும். ஃபைவ் இயர்ஸ்' எக்ஸ்பீரியன்ஸ், குறி எஸ்ஸுக்குப் பின். ஒரு வருடம் என்றால் வன் இயர்'ஸ். இல்லாவிட்டால் ஒஃப் போட்டு எழுதிவிட்டுப் போகலாம், குறியே வேண்டாம்.

ஒஃப் என்கிற அந்த வழியை நான் நிறையவே பாவிக்கிறேன். காலஞ்சென்ற இன்னாரின் உரித்தாளிகளின் காணி என்று இரண்டு 'இன்' அடுத்தடுத்து வந்தால், குறிமேல் குறி வைக்காமல் லாண்ட் ஒஃப் த எயர்ஸ் ஒஃப் த லேட் இன்னார் என்று எழுதுவதுதான் உறுதிகளின் நடை. பழைய நொத்தாரிசுமார் காரணத்தோடுதான் அப்படி எழுதினார்கள். பெயரே எஸ்ஸில் முடிகிறவர்களுக்கும் அது வசதி. பிரான்சிஸ் என்பவரின் வீட்டுக்கு பிரான்சிஸ்'ஸ் என்றும் எழுதலாம், பிரான்சிஸ்' என்றும் எழுதலாம். அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு குறியோடு நிறுத்துகிறது, சிக்காகோ நடைக் கையேடு எஸ்ஸும் சேர்க்கிறது. வாசிக்கும்போது பிரான்சிஸிஸ் என்றுதான் வாய் சொல்கிறது, அதனால் எனக்கு எஸ் சேர்ப்பதே பிடிக்கும். எதை எடுத்தாலும் ஓர் ஆவணம் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு பேர் சேர்ந்து வருகிற இடத்தில் எங்கள் அரசாங்கத் தமிழே வழி காட்டுகிறது. தந்தையினதும் தாயினதும் பெயர்கள் என்றால் ஆளுக்கொரு பெயர், ஆகவே இருவருக்கும் தனித்தனிக் குறி. தாய் தந்தையரின் வீடு என்றால் இருவருக்கும் பொதுவான ஒரே வீடு, கடைசி ஆளுக்கு மட்டும் குறி. பதவிப் பெயர்களும் இப்படித்தான். ரெஜிஸ்ட்ரார் ஜெனரல்'ஸ், அட்டோர்னி ஜெனரல்'ஸ், சேர்வேயர் ஜெனரல்'ஸ், மூன்றிலும் முழுப் பெயரும் முடிந்த பிறகே குறி.

இடப்பெயர்களில் நான் இலக்கணம் பார்ப்பதில்லை. உவர்மலையை ஆங்கிலத்தில் ஓர்'ஸ் ஹில் என்று குறியோடும் எழுதுகிறார்கள், குறி இல்லாமலும் எழுதுகிறார்கள். முகவரி என்று வந்தால் கடவுச்சீட்டில் எப்படியோ அப்படி. சில இணையப் படிவங்கள் அந்தக் குறியை ஏற்கவே மாட்டா. உலகம் முழுக்க இதே போக்குத்தான். 1890இல் தொடங்கிய அமெரிக்காவின் புவிப்பெயர்ச் சபை உடைமைக் குறியை இடப்பெயர்களிலிருந்து எடுத்துவிடுகிறது, மார்த்தா'ஸ் வின்யார்ட் போல மிகச் சிலவே விலக்கு. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரசபையும் 2009இல் தெருப்பலகைகளில் அதைக் கைவிட்டது.

கதையோடு வருகிற பெயரென்றால் மட்டும் கதையைக் கேட்பேன். உப்புவெளிப் பக்கம் விடுதி நடத்துகிற ஒருவர் உல்லாசப் பயணிகளுக்கான துண்டுப்பிரசுரத்தைப் பார்த்துத் தரச் சொன்னார். கோணேசர் கோயிலடியில் சுவாமி மலையின் செங்குத்துப் பாறைக்கு ஆங்கிலத்தில் இருக்கிற பெயர் அதில் லவர்ஸ்' லீப் என்று இருந்தது. காதலர் என்றால் இரண்டு பேர்தானே என்றார். ஒல்லாந்தர் காலத்துக் கதைப்படி காதலன் கப்பலில் போய்விட்டான், பாறையிலிருந்து பாய்ந்தவள் அந்தப் பெண் மட்டும். அங்கே நிற்கிற தூணில் 1687 என்று பொறித்திருக்கிறது. அவள் பாய்ந்தாளா என்பதில் சரித்திரகாரருக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் பெயர் கதையிலிருந்து வந்தது. ஆகவே குறியை எஸ்ஸுக்கு முன்னால் நகர்த்தி, லவர்'ஸ் லீப் என்று திருத்திக் கொடுத்தேன். ஜமைக்காவில் இதே பெயரில் ஒரு பாறை இருக்கிறது. அங்கே கதையில் இருவரும் சேர்ந்து பாய்கிறார்கள், அங்கே குறி எஸ்ஸுக்குப் பின்னால் வருவதுதான் சரி.