தேக்கா கடைக்கு ஒரு வெட்டுக்கத்தி

3 மார்ச் 2024, ஞாயிறு

இன்று காலை சிங்கப்பூரின் தேக்கா சந்தையில், அண்ணனின் ஆட்டிறைச்சிக் கடையில், தொடை மூட்டில் இறங்கிய பெரிய வெட்டுக்கத்தியின் வாய் தெறித்துவிட்டது. கத்தியைத் திருப்பிப் பார்த்தோம். விளிம்பில் 7 மி.மீ. நீளத்துக்குப் பிறை வடிவில் ஒரு பள்ளம் இருந்தது. கொழுப்புக்குள் மின்னிய ஒரு சில்லை இடுக்கியால் எடுத்துப் பள்ளத்தில் பொருத்திப் பார்த்தேன். அது 5 மி.மீ.தான் இருந்தது. மிச்சத்தை எவ்வளவு தேடியும் காணவில்லை. தட்டிலிருந்த ஆறு கிலோ இறைச்சியையும் அண்ணன் அப்படியே குப்பையில் கொட்டினார். "யார் வீட்டுப் பிள்ளை தொண்டையிலாவது மாட்டிக்கிட்டா என்ன செய்யறது தம்பி?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நோன்பு தொடங்க இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது; பெருநாள் நெருங்கும்போது கடையில் கத்தி ஓயாது.

5 மார்ச், செவ்வாய்

உடைந்த கத்தியை ஜூரோங்கில் நான் வேலை செய்யும் பட்டறைக்கு எடுத்துச் சென்று, கடினத்தை அளக்கும் ராக்வெல் கருவியில் வைத்து அளந்தேன். 61 காட்டியது. விற்றவர் பொய் சொல்லவில்லை. 61 என்றுதான் பெருமையாகச் சொல்லி விற்றார். ஆனால் அந்த எண் காட்டுவது கடினத்தை மட்டுமே. ஓர் எஃகு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பது வேறு. ஓங்கி அடிக்கும்போது முறியாமல் தாங்குகிறதா என்பது வேறு. பெரும்பாலான எஃகுகளில் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இந்தக் கத்தி டி2 எஃகால் ஆனது. அதில் கார்பன் ஏறக்குறைய 1.5 சதவீதமும் குரோமியம் 12 சதவீதமும் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்து எஃகுக்குள் கார்பைடு என்னும் பெரிய, கெட்டியான பருக்கைகளை உண்டாக்குகின்றன. தகடு வெட்டும் அச்சுகள் நெடுநாள் தேயாமல் இருப்பதற்கு அந்தப் பருக்கைகளே காரணம். எலும்பில் அடிக்கும்போதோ விரிசல் அவற்றின் வழியாகவே ஓடுகிறது. எஃகு மோசமானது அன்று. செய்யக்கூடாத வேலைக்கு அதை அனுப்பியிருக்கிறார்கள்.

9 மார்ச், சனி

எந்த எஃகு என்று முடிவு செய்ய இரண்டு இரவுகள் பிடித்தன. 1095 என்னும் எஃகு மலிவானது, ஆனால் கார்பன் 0.95 சதவீதம். தோய்ச்சலின்போது, அதாவது காய்ச்சிய எஃகை எண்ணெய் போன்றவற்றில் முக்கிச் சட்டென்று குளிர்விக்கும்போது, எஃகுக்குள் கரைந்து நிற்கும் கார்பன் 0.6 சதவீதத்தைத் தாண்டிக் கூடக்கூட, உள்ளமைப்பு நொறுங்கும் பக்கம் சாய்கிறது என்பதால் அதை விட்டேன். பந்துத் தாங்கிகளுக்கான 52100 மெல்லிய சமையலறைக் கத்திக்கு அருமையானது. அதிலும் கார்பன் 1 சதவீதம். அதிர்ச்சியைத் தாங்கவென்றே உருவான எஸ்7 எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் எனக்கு வேண்டிய அளவில் பட்டை கிடைக்கவில்லை. ஆகவே 5160 என்று முடிவு செய்தேன். கார்பன் சுமார் 0.6 சதவீதம், குரோமியம் 0.8 சதவீதம், லாரிகளின் வில்பட்டைக்கான எஃகு இது.

அத்தாவிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. கடையநல்லூரில் தம் இளவயதில் கொல்லர்கள் லாரிப் பட்டையை வெட்டித்தான் அரிவாள் அடித்தார்கள் என்றார். பழைய பட்டை ஒன்றையே எடுத்தால் என்ன என்றும் கேட்டார். பல ஆண்டுகள் பாரம் சுமந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கக்கூடும் என்பதால் 6 மி.மீ. கனத்தில் புதிய பட்டையே வாங்கினேன்.

அண்ணனின் கவலை துரு. 0.8 சதவீதக் குரோமியம் துருவைத் தடுக்காது. நம் ஊரின் ஈரக் காற்றில் ஒரு மணி நேரம் துடைக்காமல் விட்டாலே கறை பிடிக்கும். கழுவியதும் துடைத்து எண்ணெய் பூசுவதாக அவர் வாக்குக் கொடுத்த பிறகே பட்டையை அறுத்தேன்.

17 மார்ச், ஞாயிறு

மேற்பார்வையாளரின் அனுமதியுடன் பட்டறை உலையைப் பயன்படுத்தினேன். நோன்பு வைத்துக்கொண்டு உலையின் முன் நிற்பது எளிதாக இல்லை. ஆயினும் இன்று கண்டதை முழுவதும் எழுதிவைக்க வேண்டும்.

கத்தியைத் தொடுமுன் அதே பட்டையிலிருந்து மூன்று சிறு துண்டுகளை அறுத்துக்கொண்டேன். முதல் துண்டை வேண்டுமென்றே 1000 பாகை செல்சியசுக்கு மேல் வெகுநேரம் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தேன். பிடிப்பானில் இறுக்கிச் சுத்தியலால் தட்டியதும் அது கண்ணாடியாக முறிந்தது; முறிந்த முகம் சீனிப் பரல்களைப் போல் மினுமினுத்தது. இரண்டாவதை 830 பாகையில் காய்ச்சித் தோய்த்தேன். அதுவும் முறிந்தது, ஆனால் முகம் சாம்பல் நிறத்தில், பரலே தெரியாத மென்மையுடன் இருந்தது. மூன்றாவதையும் 830 பாகையில் தோய்த்து, 220 பாகையில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை மீண்டும் சூடாக்கி, நொறுங்கும் குணம் குறையப் பதப்படுத்தினேன். அது முதலில் வளைந்து, பல அடிகளுக்குப் பிறகே முறிந்தது. ஒரே பட்டை, ஒரே எஃகு, மூன்று குணங்கள்! கத்தி வாங்குவோர் எஃகின் பெயரைக் கேட்கிறார்கள். எப்படிக் காய்ச்சினார்கள், எப்படிப் பதப்படுத்தினார்கள் என்று கேட்பவர் அரிது.

கத்திக்கும் மூன்றாவது துண்டின் முறையையே செய்தேன். முதலில் கருவி 49 என்று காட்டியதும் நெஞ்சு பதறிவிட்டது. உலையின் காற்றில் மேற்பரப்பு கார்பனை இழந்திருக்கிறது. அந்தத் தோலைச் சாணையில் உரித்த பிறகு 57 காட்டியது.

23 மார்ச், சனி

சாணை பிடித்து, வேங்கை மரப் பிடி போட்டேன். எடை ஏறக்குறைய ஒரு கிலோ.

31 மார்ச், ஞாயிறு

ஒரு வாரம் கடையில் உழைத்த கத்தியை அண்ணன் கொண்டுவந்தார். பிடிக்கு அருகில், மூட்டுகளில் அடிக்கும் பகுதியில், 4 மி.மீ. நீளத்துக்கு விளிம்பு ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், மடிப்புதான், உடைப்பு இல்லை. எஃகிடமிருந்து எதிர்பார்த்தது இதையே என்பதால் மகிழ்ந்தேன். பிழை என்னுடையது: வாயின் ஒவ்வொரு பக்கத்தையும் 18 பாகைக் கோணத்தில் மிக மெல்லியதாகத் தீட்டியிருந்தேன். அந்தப் பகுதியை மட்டும் 25 பாகையாக மாற்றினேன். இறைச்சி அரியும் முன்பகுதியை அப்படியே விட்டேன்.

9 ஏப்ரல், செவ்வாய்

நாளை பெருநாள். விடியற்காலை நான்கு மணியிலிருந்து கத்தி ஓயவில்லை. பிற்பகலில் அண்ணன் அதைக் கழுவித் துடைத்து, எண்ணெய் பூசி என்னிடம் நீட்டினார். நகத்தை விளிம்பு நெடுகிலும் மெல்ல இழுத்துப் பார்த்தேன்; எங்கும் தட்டவில்லை. உடலில் நீலமும் பழுப்புமாகக் கறை படர்ந்திருக்கிறது, செந்துரு இல்லை. அத்தாவும் அதை வாங்கி இரண்டு முறை கட்டையில் இறக்கிப் பார்த்துவிட்டு, தம் மணிக்கட்டுக்குப் பாரமாக இருப்பதாகச் சொன்னார். பட்டையில் இன்னும் 40 செ.மீ. மிச்சம் இருக்கிறது. அவருக்கு அகலம் குறைத்து, 700 கிராமுக்குள் ஒன்று அறுக்க வேண்டும்.